ஒன்பதும் இருபத்திரண்டும்

நோயாளிக்கு நோயில் பூசுதல் வழங்கிவிட்டுப் புறப்படும் குருவிடம் வீட்டார் கேட்கும் கேள்விகள் இரண்டு உண்டு. முதற் கேள்வியைப் படுக்கையருகிலேயே கேட்பர்: "சுவாமி, பிழைத்துக்கொள்வாரா?" இரண்டாவது கேள்வி நோயாளியின் காதில் விழலாகாது. வாசல்வரை வழியனுப்ப வந்து, தெருவில் எவரும் இல்லை எனக் கண்டபின் குரலைத் தாழ்த்திக் கேட்பர்: "சுவாமி, இது பிள்ளைகளுக்கும் வருமா?"

எல்லா நோய்களுக்கும் பொதுவாக இதற்கு ஒரே விடை கிடையாது. சில நோய்கள் வழிவழி வருவன, பல அவ்வாறல்ல. ஆயின் ஒரு நோயைக் குறித்து இன்று ஐயத்திற்கு இடமின்றி விடை சொல்ல இயலும். சி.எம்.எல். என்று மருத்துவர்கள் மூன்றெழுத்தில் சுருக்கிச் சொல்லும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோயே அது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், தந்தைக்கு இந்நோய் உள்ளதெனத் தெரியவந்த மறு வாரமே, மகளுக்குப் பேசி முடித்து ஓலை வாசிக்கும் ஞாயிறும் குறித்தாகிவிட்ட மணம் நின்று போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. "அவர்கள் இரத்தத்தில் உள்ளது" என்ற பேச்சு அதற்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டிருந்தது. அப்பேச்சு பொய் என்பதை விளக்கவே இம்மாதம் இப்பகுதியை எடுத்துக்கொண்டோம். விளக்கம் சற்று நீளும், வாசகர் பொறுத்தருள்வாராக.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களின் கருவினுள் 46 குரோமோசோம்கள் உள்ளன. 23 தந்தை வழி வந்தவை. 23 தாய் வழி வந்தவை. அறிவியலார் இவற்றைப் பருமன் நோக்கி வரிசைப்படுத்தி எண்ணிட்டுள்ளனர். முதலாவது மிகப் பெரியது. இருபத்திரண்டாவது மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஒவ்வொரு குரோமோசோமிலும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் எழுத்துப்போல் அமைந்துள்ளன. இன்ன புரதத்தை இவ்விதம் ஆக்குக என்று உடலுக்குச் சொல்லும் வாசகமே மரபணு எனக் கொள்ளலாம்.

அவ்வாறு ஆக்கப்படும் புரதங்களுள் கைனேஸ் என்றோர் இனம் உண்டு. இவை நொதிகள். உயிரணுவினுள் ஆற்றலைச் சுமந்து திரியும் ஏ.டி.பி. என்ற பொருளினின்று பாஸ்பேட் என்னும் சிறு துணுக்கைப் பிரித்தெடுத்து, வேறொரு புரதத்தின்மேல் ஒட்டிவிடுவது இவற்றின் தொழில். ஒட்டியதும் அப்புரதம் உறக்கம் கலைந்தாற்போல் வேலையைத் தொடங்கும். சில புரதங்கள் இதற்கு மாறாக, ஒட்டியதும் வேலையை நிறுத்தும். வேலை முடிந்தபின் அத்துணுக்கைக் கழற்றிவிட வேறு நொதிகள் உள்ளன. இத்துணை எளிய ஏற்பாட்டினால்தான் உயிரணு "இப்போது பிரிந்து பெருகு", "இப்போது நில்", "இப்போது மடிந்துபோ" என்ற கட்டளைகளைப் பெறுகின்றது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவர் 1950-களில் தசையைப் பற்றிய ஆய்வின்போது இவ்வேற்பாட்டைக் கண்டறிந்தனர். 1992-இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றனர். மனித உடலில் இத்தகைய கைனேஸ்கள் ஐந்நூறுக்கு மேல் உள்ளன என இன்று கணக்கிட்டுள்ளனர்.

ஏரி மதகைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பலகையை உயர்த்தினால் நீர் பாயும், இறக்கினால் நிற்கும். எப்பொழுது உயர்த்துவது, எப்பொழுது இறக்குவது என்பதில்தான் ஊரின் பிழைப்பு உள்ளது. கைனேஸ் ஒவ்வொன்றும் ஒரு மதகு. நாம் சொல்லவந்த நோய், ஒரே ஒரு மதகில் பலகை இல்லாமற்போனதன் விளைவு.

இதனை மக்கள் கண்டறிந்த வரலாறு 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்குகின்றது. பீட்டர் நோவெல் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் அணுக்களை ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். தண்ணீரை உறிஞ்சி அணுக்கள் உப்பின. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்த குரோமோசோம்கள் விலகித் தெளிவாகத் தெரிந்தன. அவற்றைப் பார்த்து அறியும் பயிற்சி பெற்றிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற ஆராய்ச்சி மாணவரைத் துணை சேர்த்துக்கொண்டார். சி.எம்.எல். நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் இயல்புக்கு மாறாகக் குட்டையாயிருப்பதை இருவரும் கண்டனர். சில பத்திகளே கொண்ட சிறு குறிப்பாக அதனை வெளியிட்டனர். ஊரின் பெயராலேயே அது பிலடெல்பியா குரோமோசோம் எனப்பட்டது. உடன்பிறந்தாரின் அன்பு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். திருவெளிப்பாட்டில் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட மடல்களுள் ஒன்று இப்பெயர்கொண்ட ஊருக்குரியது. குருமடத்தில் அரைகுறையாய்க் கற்ற கிரேக்கம் இங்கேனும் பயன்பட்டது!

குட்டையான குரோமோசோமின் மீதித் துண்டு எங்கே போயிற்று? பதின்மூன்று ஆண்டுகள் எவருக்கும் தெரியவில்லை. தெரிவித்தவர் சிகாகோ நகரின் ஜேனட் ரௌலி அம்மையார். நான்கு ஆண் மக்களின் தாய். குரோமோசோம்களைப் பட்டை பட்டையாக ஒளிரச் செய்யும் புதிய முறையை ஆக்ஸ்ஃபோர்டில் கற்று வந்து, நுண்ணோக்கியில் எடுத்த படங்களை வீட்டிற்குக் கொணர்ந்து, சாப்பாட்டு மேசையின்மேல் பரப்பிக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி இணை சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் எனப் பிள்ளைகள் கேலி செய்வராம். அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் விடை கிடைத்தது. இருபத்திரண்டாம் குரோமோசோமில் அறுந்த துண்டு ஒன்பதாவதின் நுனியில் போய் ஒட்டியிருந்தது. ஒன்பதாவதின் நுனித் துண்டு இருபத்திரண்டாவதிற்கு வந்திருந்தது. இரண்டும் இடம் மாறிக்கொண்டன. 1973-இல் இதனை அவர் வெளியிட்டார். குரோமோசோம் மாற்றம் நோயின் விளைவேயன்றிக் காரணம் அன்று எனக் கருதியோர் அக்காலத்தில் பலர். அவர்களை எதிர்த்து வாதிட அவருக்கு இன்னும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஒன்பதாவதினின்று பெயர்ந்து வந்த துண்டில் என்ன இருந்தது? 1980-களில் ஆய்வாளர்கள் அதனைப் படித்தறிந்தனர். ஏ.பி.எல். 1 என்னும் மரபணு அதில் இருந்தது. எலிகளில் புற்றுநோய் விளைக்கும் ஒரு வைரசைக் கண்டறிந்த அபெல்சன் என்ற அறிஞரின் பெயரால் அமைந்த பெயர் அது. அம்மரபணு ஆக்குவது ஒரு கைனேஸ். நல்லதோர் உயிரணுவில் இந்தக் கைனேஸ் பெரும்பாலும் மூடியே இருக்கும். தன் தலைப்பகுதியைத் தானே மடக்கித் தன் பின்புறத்திலுள்ள ஒரு குழியில் செருகிக்கொண்டு, வேண்டும்போது மட்டும் திறக்கும். துண்டு இடம் மாறும்போதோ மரபணுவின் தலைப்பகுதி அறுந்து பின்தங்கிவிடுகின்றது. அவ்விடத்தில் இருபத்திரண்டாம் குரோமோசோமிலுள்ள பி.சி.ஆர். என்னும் வேறொரு மரபணுவின் பகுதி வந்து இணைகின்றது. பலகை போயிற்று, மதகு மட்டும் நிற்கின்றது. அன்றுமுதல் "பெருகு, பெருகு" என்ற ஒரே கட்டளை இரவு பகலாய்ப் பாய்கின்றது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. மண்ணீரல் வீங்குகின்றது. களைப்பு, எடைக் குறைவு, இடப்பக்க வயிற்றில் கனம். சிலருக்கு இவை எதுவும் தோன்றாமலே, வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் தெரியவரும்.

இப்போது வாசலில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லலாம். இந்த இடமாற்றம் நோயாளி தம் பெற்றோரிடமிருந்து பெற்றதன்று. அவர் பிறந்து வளர்ந்த பின்னர், அவர்தம் எலும்பு மஜ்ஜையில், இரத்தத்தை ஆக்கும் ஒரே ஓர் அணுவில் நேர்ந்தது. அந்த ஓரணுவின் வழித்தோன்றல்களில் மட்டுமே அது காணப்படும். பிள்ளைப்பேற்றுக்குரிய அணுக்களில் அது இல்லை. எனவே மக்களுக்குச் செல்வதும் இல்லை. இரட்டையராய்ப் பிறந்த இருவரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் என்பதில்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை. ஆண்டுதோறும் நூறாயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ ஏற்படும் நோய் இது. காரணம் யாது எனின், அணுகுண்டு வீச்சில் கதிரியக்கத்திற்கு ஆளாகிப் பிழைத்த சப்பானியரிடையே இது மிகுந்தது என்பது பதிவாகியுள்ளது. மற்றப் பெரும்பாலோர்க்குச் சுட்டிக்காட்டத்தக்க காரணம் ஏதுமில்லை.

காரணம் ஏதுமில்லை என்ற இடத்தில்தான் மக்கள் மனம் பாவத்தைத் தேடுகின்றது. பிறவிக் குருடனைக் கண்டவுடன் இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டவர்கள் ஆண்டவருடைய சீடர்களே. அவர் அளித்த மறுமொழியை நாம் தவக்காலத்தில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு வீட்டிற்கு வந்து அதே கேள்வியைக் கேட்கிறோம். பாட்டனார் கோயில் நிலத்தை அபகரித்தார், அதனால்தான் பேரனுக்கு இரத்தத்தில் நோய் என்று ஒருவர் நம்மிடமே சொன்னார். பாட்டனார் அபகரித்தது உண்மையாகவே இருக்கலாம்; அதற்கும் ஒன்பதாம் குரோமோசோமுக்கும் தொடர்பில்லை. மண ஓலை வாசிக்க வரும் குடும்பங்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். மணமகனின் குடிப்பழக்கத்தை விசாரியாது, மணமகளின் தந்தையுடைய மருத்துவச் சீட்டை மட்டும் விசாரிக்கும் வழக்கம் நமக்கு விளங்கவில்லை.

இனி மருந்தின் கதை. ஒரே மதகின் பழுதே நோய் எனில், அம்மதகை மட்டும் அடைக்க இயலாதா என்று 1980-களின் பிற்பகுதியில் சிலர் எண்ணத் தொடங்கினர். கற்றோர் பலர் நம்பவில்லை. கைனேஸ்கள் அனைத்தும் ஏ.டி.பி.யைப் பற்றிக்கொள்ளும் குழி ஏறத்தாழ ஒரே வடிவினது. ஒன்றை அடைக்கப் போனால் ஐந்நூறும் அடைபட்டு நோயாளி மாண்டுபோவார் என்பது அவர்கள் கூற்று. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா-கைகி என்னும் நிறுவனத்தில் நிக்கலாஸ் லைடன், யூர்க் ஸிம்மர்மான் முதலியோர் பல சேர்மங்களைச் செய்து பார்த்து, ஏ.பி.எல். கைனேஸையும் வேறு மிகச் சிலவற்றையும் மட்டும் அடைக்கும் ஒன்றை உருவாக்கினர். அதுவே பிற்காலத்தில் இமாட்டினிப் எனப்பட்டது. அதனைச் சி.எம்.எல். அணுக்களில் இட்டு ஆராய்ந்தவர் பிரையன் ட்ரூக்கர் என்ற அமெரிக்க மருத்துவர். நோயணுக்கள் மடிந்தன, நல்லணுக்கள் பிழைத்தன.

ஆனால் மருந்து உடனே நோயாளிக்கு வந்துவிடவில்லை. இந்நோய் உடையோர் தொகை குறைவு. இத்துணைச் சிலருக்காகப் பெரும் பொருள் செலவிடலாமா என்ற தயக்கம் நிறுவனத்தில் இருந்தது. 1996-இல் அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. அதனாலும் காலம் கழிந்தது. ட்ரூக்கர் விடாது வற்புறுத்தினார். 1998 ஜூன் மாதம் முதல் நோயாளிக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. அதுவரை இந்நோய்க்கு இருந்த முதன்மையான வழிகள் இரண்டு: இண்டர்ஃபெரான் ஊசி, எலும்பு மஜ்ஜை மாற்றம். முன்னது நாள்தோறும் குளிர்காய்ச்சல் கண்டவர்போல் ஆக்கிவிடும். பின்னதற்குப் பொருத்தமான கொடையாளர் வேண்டும். பெரும்பாலோர் நான்கைந்து ஆண்டுகளில் இறந்தனர். ட்ரூக்கரின் ஆய்வில், இண்டர்ஃபெரானால் பயன் பெறாத 54 பேர் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டனர். அவர்களுள் 53 பேரின் இரத்தம் இயல்பு நிலைக்குத் திரும்பியது. பெரும்பாலும் நான்கே வாரங்களில். செய்தி நோயாளிகளிடையே பரவிற்று. மருந்தை மேலும் மிகுதியாகச் செய்யுமாறு ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு நிறுவனத்திற்கு விண்ணப்பித்தனர். 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, முதலிலிருந்தே இதனை உண்டோரில் பத்தாண்டு கழித்தும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 83 பேர்.

நாள்தோறும் உண்ண வேண்டிய மருந்து இது. எனவே அதன் விலை என்ன என்பது வாழ்வா சாவா என்ற கேள்வி. இக்கேள்வி நம் சென்னை மாநகரிலேயே வழக்காயிற்று என்பதை வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி நம் நாட்டில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இருக்கவில்லை. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே இருந்தது. இந்தியா 1995-இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. பொருளுக்கும் காப்புரிமை தருவதாக ஒப்பி, 2005 சனவரி 1 முதல் சட்டத்தைத் திருத்தியது. ஆயின் அத்திருத்தத்தில் 3(டி) என்ற ஒரு பிரிவைச் சேர்த்தது: முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அதன் ஆற்றலை மிகுவிக்காவிடில், புதுப்புனைவு ஆகாது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாட்டினிப் உப்பின் ஒரு படிக வடிவத்திற்கு உரிமை கோரி 1998 சூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. மூலப்பொருள் 1993-லேயே வெளிநாடுகளில் காப்புரிமைக்கு உட்பட்டது. மும்பையைச் சார்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும், சில மருந்து நிறுவனங்களும் எதிர்த்து வாதிட்டன. 2006 சனவரியில் அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளிற்று. நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் சென்று, 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என வழக்காடியது. 2007 ஆகஸ்டில் அது தள்ளுபடியாயிற்று. சென்னையில் அமைந்திருந்த மேல்முறையீட்டு வாரியம் 2009-இல் மறுத்தது. இறுதியாக 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. புதிய படிகம் உடலில் முப்பது விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என நிறுவனம் சொல்லியது. கூடுதலாகச் சேர்வது வேறு, கூடுதலாக நோயைத் தீர்ப்பது வேறு என்பது நீதிபதிகளின் முடிவு.

அக்காலத்தில் நோவார்ட்டிஸின் மாத்திரைக்கு மாதம் ஏறத்தாழ ரூ. 1,20,000, இந்திய நிறுவனங்களின் மாத்திரைக்கு ரூ. 8,000 முதல் 10,000 வரை. எட்டாயிரமும் கூலித் தொழிலாளிக்கு எட்டாத தொகைதான். ஆனால் நிலத்தை விற்றோ, உறவினர் கூடிப் பணம் திரட்டியோ, பங்கில் கை நீட்டியோ எட்டாயிரத்தைத் தேடலாம். இலட்சத்தை எங்ஙனம் தேடுவது?

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லுதல் நேர்மை. ஏழை நோயாளிகள் பல்லாயிரவருக்கு இந்தியாவில் அது இம்மருந்தை இலவசமாக வழங்கியது. பாசெல் நகரின் வேதியியலார் இன்றேல் அம்மாத்திரை இல்லை; பெரும் பொருளை இடர்ப்பாட்டில் இட்டுச் செய்தவர்க்கு ஊதியம் உண்டு. ஆயின் நோவெலின் குழாய்த் தண்ணீரும், ரௌலி அம்மையாரின் சாப்பாட்டு மேசையும், எலிகளைக் கொண்டு ஆய்ந்த பல்கலைக்கழகங்களும் எவருடைய பணத்தால் நடைபெற்றன? பெரும்பாலும் பொதுமக்கள் வரிப்பணத்தாலும் நன்கொடையாலும். நாற்பதாண்டு பலர் வெட்டிய கிணற்றில் கடைசியாக இராட்டினம் கட்டியவர், குடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று தாம் விரும்பியபடி விலை வைக்கலாமா? இலவசமாகக் கொடுத்தல் நல்லதே. ஆனால் கொடுப்பவர் நிறுத்தினால் பெறுபவர் எங்கே போவார்? நோயாளி இரப்பவராகவே இருக்க வேண்டியதில்லை. தம்மால் இயன்ற விலை கொடுத்து வாங்குபவராகவும் இருக்கலாம். சட்ட நுணுக்கம் நமக்குப் புலப்படாது; எனினும் அத்தீர்ப்பு நியாயமானது என்பதே நம் எண்ணம்.

திருச்சபையின் போதனையும் இப்பக்கமே சாய்கின்றது. புனித ஆறாம் சின்னப்பர் 1967-இல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில், தனியுடைமை எவர்க்கும் நிபந்தனையற்ற உரிமையன்று என்றார். பிறர்க்கு இன்றியமையாதவை இல்லாதபோது, தன் தேவைக்கு மிஞ்சியதைத் தனக்கென்றே வைத்துக்கொள்ள எவர்க்கும் நியாயமில்லை என்றார். உடைமை அனைத்தின்மேலும் சமுதாயத்திற்குரிய ஓர் அடமானம் உள்ளது என்று புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-இல் மெக்சிகோவில் இலத்தீன் அமெரிக்க ஆயர்களிடம் உரைத்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இன்னும் நேராகவே பேசினார். 2009-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், செல்வ நாடுகள் அறிவுச் சொத்துரிமையை அளவுக்கு மீறி இறுகப் பற்றிக்கொள்வதை, சிறப்பாக மருத்துவத் துறையில் அவ்வாறு செய்வதை, அவர் பெயர் சுட்டிக் கண்டித்தார். கண்டித்தவர் திருத்தந்தை மட்டுமல்லர். 2013-இல் உலகெங்குமுள்ள சி.எம்.எல். வல்லுநர்கள் நூற்றுவருக்கு மேல் ஒன்றுகூடி, இம்மருந்துகளின் விலை தாங்கவியலாதது என ஒரு மருத்துவ இதழில் எழுதினர். அமெரிக்காவில் 2001-இல் ஆண்டுக்கு 30,000 டாலர் அளவில் இருந்த இமாட்டினிப்பின் விலை 2012-இல் 92,000 டாலராகியிருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். அதே மருந்து, அதே மாத்திரை, பழகப் பழக விலை ஏறிற்று. 2015-இல் உலக நல நிறுவனம் இமாட்டினிப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மருந்து கைக்கெட்டிய பின்னும் ஓர் இடர் உண்டு. அதைக் குருவானவரே சொல்ல வேண்டும்; ஏனெனில் அதில் பக்தியின் பெயர் அடிபடுகின்றது. மூன்று மாதம் மாத்திரை உண்டவுடன் களைப்பு நீங்குகின்றது, எடை கூடுகின்றது, இரத்தப் பரிசோதனையும் நன்றாக வருகின்றது. அவ்வேளையில் நேர்ச்சை செலுத்தத் திருத்தலம் சென்று வந்தவர் ஒருவர், "மாதா குணமாக்கிவிட்டாள், இனி மாத்திரை உண்பது விசுவாசக் குறைவு" என்று நிறுத்திவிட்டார். ஓராண்டுக்குள் நோய் முன்னிலும் கொடிதாய்த் திரும்பிற்று. அவரை அடக்கம் செய்த குருக்களுள் நாமும் ஒருவர். மதகு பழுது நீங்கவில்லை; நாள்தோறும் ஒருவர் கையால் அடைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. இலண்டன் மாநகரில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைக் கணக்காகவே காட்டியது. மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தவறாது உண்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் ஆறாண்டில் நோய் மிக அடங்கிய நிலையை எய்தினர். அதற்குக் குறைவாக உண்டோரில் அந்நிலை எய்தியவர் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேரே. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் மறந்தாலே இக்குறைவு நேரும். மாத்திரையை உணவுடன் ஒரு பெரிய குவளை நீர் சேர்த்து உண்ண வேண்டும். கண்ணிமை வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் வரக்கூடும்; மருத்துவரிடம் சொன்னால் தணிக்க வழி சொல்வார், தாமாக நிறுத்தலாகாது. கருவுற்ற பெண்களும் கருவுறக் கருதும் பெண்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். இம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்யக்கூடும்.

ஒழுங்காக உண்டும் சிலருக்கு மருந்து கேளாமற் போவதுண்டு. ஏ.பி.எல். கைனேஸில் 315-ஆம் இடத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் இமாட்டினிப் அக்குழியில் பொருந்தாது எனச் சார்லஸ் சாயர்ஸ் என்பார் குழுவினர் 2001-லேயே காட்டினர். அதன்பின் டாசாட்டினிப், நிலோட்டினிப், பொனாட்டினிப் என அடுத்தடுத்து மருந்துகள் வந்தன. 315-ஆம் இடத்து மாற்றத்தை இவற்றுள் பொனாட்டினிப் எதிர்க்கின்றது. 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அசிமினிப் நம்மை மிகவும் வியக்கவைத்தது. அது ஏ.டி.பி. குழிக்குப் போவதே இல்லை. அறுந்துபோன தலைப்பகுதி முன்னர் எங்கே செருகியிருந்ததோ, அந்தப் பின்புறக் குழியில் போய் அமர்கின்றது. இழந்த பலகையின் இடத்தில் வேறொரு பலகை!

இதுபற்றிப் பேசும்போதெல்லாம் நோயாளிகள் கேட்கும் இன்னொரு கேள்வி, வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டுமா என்பது. பிரான்சு நாட்டில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மிக நுண்ணிய பரிசோதனையிலும் நோயின் சுவடு ஈராண்டுக்கு மேல் காணப்படாத நூறு பேர், மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினர். ஏறத்தாழ நாற்பது பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்க்குத் திரும்பிற்று, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திற்குள். உடனே மறுபடி மாத்திரை கொடுத்ததும் அவர்களிடம் அது மீண்டும் அடங்கியது. எனவே நிறுத்த வழி உண்டு. ஆயின் அந்த நுண்ணிய பரிசோதனையைக் குறித்த காலந்தோறும் செய்யும் வசதியும், அதைப் பார்த்து முடிவு சொல்லும் மருத்துவரும் வேண்டும். இவை இல்லாத ஊரில் இருப்போர், நம் பங்கைச் சார்ந்தோர் உட்பட, மாத்திரைப் பட்டையைத் திருப்பலிப் புத்தகத்துடன் ஒரே அலமாரியில் வைத்துக்கொண்டு நாள்தோறும் எண்ணி உண்க.